கல்லில் வெட்டின பேர்

உங்கள எங்க வீட்டுக்கு அனுப்பினது தங்கையா சார்தானேம்மா?

சும்மா சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். உங்க வீட்டு அய்யா பாதிரியாரா மாத்தலாகி இந்த எபனேசர்விளைக்கு வந்து மூணு வாரம்தான் ஆகுது. நூத்தம்பது வீடு இருக்கு. வீடு சந்திப்புக்குக் கிளம்பின புது அய்யரம்மா, முதல் தெருவ விட்டுட்டு நேரா கடைசித் தெரு பியூலா வீட்டுக்கு வரணும்னா யாராச்சும் வழி சொல்லியிருக்கணும்ல? அதுவும் உள்ள வந்ததும் வராததுமா பின்பக்கம் எட்டிப் பாத்தீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு. கக்கூசு பாக்கத்தான் வந்திருக்கீங்க.

சிரிங்கம்மா, பரவால்ல. எனக்கும் சிரிப்புத்தான் வருது. பிள்ளைங்க அப்பா லோடு ஆட்டோவக் கவுத்து காலொடிச்சுக் கெடந்தப்ப, குத்தவைக்க முடியலையேன்னு அந்த உக்காந்து போற கக்கூச வச்சோம். வேற ஒரு பெருமைக்கும் இல்ல. அதுல இருந்து வெளிநாட்டுக்காரங்க யார் வந்தாலும் இங்கதான். சபைச் செயலர் தங்கையா சார் என்னப் பாத்தா "தோத்திரம்மா"ன்னு சொல்றதுக்கு முன்னாடி "தண்ணி நல்லா வருதா பியூலா?"ன்னுதான் கேப்பாரு.

உக்காருங்க. ஏட்டி, அந்த அம்மா முந்தானைய விடு. இது சின்னவ, ஒண்ணரை வயசு. பெரியவ ரெனிலா, மூணாப்பு, இப்பம் டியூசனுக்குப் போயிருக்கா. காப்பி கருப்பட்டி போட்டது, குடிப்பீங்கல்ல?

ஜனவரில புதுசா ஒரு வெளிநாட்டுச் சபைக்காரங்க நாலு பேர் வாறாங்க, நம்ம சபையோட சகோதரி சபையா சேரப் போறாங்க, அதானே விசயம்? வரட்டும். நல்லாருக்கட்டும். ஆனா எனக்கு அலுத்துப்போச்சும்மா. மெய்யாச் சொல்லுதேன். ஆள் வாறதுல அலுப்பு இல்ல. இட்லி அவிக்கிறதுல என்ன அலுப்பு? மாவு இருந்தா நாலு பேருக்கு அவிக்கிறதும் எட்டுப் பேருக்கு அவிக்கிறதும் ஒரே அடுப்புத்தான். அலுப்பு வேற. அதச் சொன்னா நீங்க அய்யாகிட்டச் சொல்லுவீங்க. சொல்லுங்க. சொல்லணும்னுதான் சொல்லுதேன்.

இதுக்கு முன்னாடி நமக்கு ஒரு சகோதரி சபை இருந்துச்சு, தெரியுமா? கோயில் வாசக் கதவுக்குப் பக்கத்துல ஒரு படம் மாட்டிருக்கும், பனிக்குள்ள ஒரு கோயிலு, கூரையில சேவல். அதான். ஜெர்மனில ஒரு சின்ன ஊரு. பேரு என் வாயில நுழையாது. முப்பது வருசமா கிறிஸ்மசுக்கு அவங்க ஒரு கார்டு, நாம ஒரு கார்டு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அங்கருந்து ரெண்டு பேர் வந்தாங்க. எல்பிரீடான்னு ஒரு அம்மா, எழுபத்தொம்பது வயசு. க்ளாவுஸ்னு ஒரு தாத்தா, அந்தக் கோயில்ல ஆர்கன் வாசிக்கிறவரு. எல்பிரீடாங்கிறது நமக்குப் புதுசா என்ன? நம்ம ஸ்கூல்லயே ஒரு எல்பிரீடா டீச்சர் இருந்தாங்க. அந்த அம்மாகிட்ட அதச் சொன்னதும் அப்படி ஒரு சந்தோசம். "நான் எங்க ஊர்ல கடைசி எல்பிரீடா"ன்னாங்க. போன்ல பேசினா அது தமிழாக்கிச் சொல்லும். அப்படித்தான் பத்து நாளும் பேசிக்கிட்டோம். அந்தப் போன்ல இருக்கிற பொம்பள பேசுறது ரேடியோல நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கும். "பியூலா, எனக்கு இன்னும் ஒரு இட்லி வழங்குவீர்களா?" அப்படின்னு. நானும் ரெனிலாவும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அவங்க வாசலுக்கு வந்த அன்னைக்கே எனக்கு நாலு உத்தரவு போட்டுட்டாரு தங்கையா சார். ஒண்ணு, டிவிய மூடி வை. ரெண்டு, பிரிட்ஜ் மேல ஒரு சேலையப் போடு. ரெனிலாவப் புதுக் கவுன் போட்டு அலைய விடாத. அப்புறம், சாப்பிட உக்காரும்போது ஒரு பேச்சோட பேச்சா, "மழைல சபை விருந்துக்கு அசனம் பொங்க முடியல, கொட்டகை இல்ல"ன்னு போட்டு வை. "சார், நாம என்ன அப்படியா இருக்கோம்?"ன்னேன். "அவங்க பாக்கணும்லா பியூலா. பாத்தாத்தான் மனசு எளகும்"ன்னாரு.

நானும் பிரிட்ஜ் மேல சேலையப் போட்டேன். ரெண்டாம் நாளே எல்பிரீடா அம்மா அந்தச் சேலைய எடுத்து, மடிச்சு, என் கையில குடுத்துட்டு, தண்ணி பாட்டில எடுத்துக் குடிச்சாங்க. ஒண்ணும் கேக்கல. எனக்குத்தான் மானம் போச்சு.

அந்த அம்மா சும்மா உக்கார மாட்டாங்க. சின்ன உள்ளி உரிச்சாங்க. கொசுவலையில ஓட்டையெல்லாம் தச்சாங்க. நாலாம் நாள் வயித்தால போயி படுத்துட்டாங்க, நான்தான் எல்லாம் கழுவி விட்டேன். எனக்கு மசக்கை அப்போ, இவ வயித்துல. கொமட்டிக் கொமட்டி வந்துச்சு. தேறி எழுந்ததும் அவங்க என்னப் படுக்க வச்சுட்டுப் பாத்திரம் தேய்க்கப் போயிட்டாங்க. பக்கத்து வீட்டு ரோஸ்லெட் அக்கா பாத்துட்டு, "ஏளா, வெள்ளக்காரிய வேலைக்கு வச்ச மொத ஆள் நீதாம்ளா"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டா.

பாசம் கீசம்னு நினைக்காதீங்க. பத்து நாளுல என்ன பாசம்? நான் அப்படிப்பட்ட ஆளும் இல்ல.

ஞாயித்துக்கெழம கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். நம்ம பிள்ளைங்கதான் தெரியும்ல, பிரசங்கம் ஒரு பக்கம், அதுங்க இரைச்சல் ஒரு பக்கம். அந்த அம்மா பீடத்தப் பாக்காம பிள்ளைங்கள பாத்துக்கிட்டே இருந்தாங்க. கண்ணுல தண்ணி. காலைல சட்னியில காரம் கூடிருச்சு போலன்னு நினைச்சேன் நான். அப்புறந்தான் போன்ல சொன்னாங்க. அவங்க கோயில்ல பிள்ள சத்தம் கேட்டுப் பதினோரு வருசமாச்சாம்.

சரி, இப்பம் அந்தக் கல்லு விசயத்துக்கு வாறேன். கோயிலுக்குப் பின்னால தண்ணித் தொட்டி பக்கத்துல ஒரு கருப்புக் கல்லு கெடக்குல்ல, பளபளன்னு? போன வாரம் மாதர் சங்கம் முடிஞ்சு அதுமேலதான் உக்காந்து செருப்பு மாட்டினீங்க. நான் பாத்தேன். உங்களுக்குத் தெரியாது, பாவம். அதத் திருப்பிப் போட்டா எழுத்து இருக்கும்.

வழியனுப்புக் கூட்டத்துக்கு மேடை, மைக், பொன்னாடை எல்லாம் உண்டு. தங்கையா சார் நாலு பக்க மனு வாசிச்சாரு. அசன மண்டபம், சுத்துச் சுவரு, ஜெனரேட்டர், அப்புறம் பாடகர் குழுவுக்கு ஒரு கீபோர்டு. வாசிச்சு முடிச்சதும், "இப்பொழுது நமது அன்புத் தாயார் அசன மண்டபத்திற்கு அடிக்கல் நாட்டுவார்கள்"ன்னாரு. நான் அப்படியே முழிச்சேன். துணிய எடுத்தா, கல்லு! எழுத்தெல்லாம் வெட்டி, மஞ்சப் பெயிண்டு அடிச்சு ரெடியா நிக்குது. "ஜெர்மனி சகோதரி சபையின் அன்பளிப்பான இந்த அசன மண்டபத்திற்குத் திருமதி எல்பிரீடா அம்மையார் அவர்களால் அடிக்கல் நாட்டப்பட்டது." தேதியும் போட்டிருக்கு.

ஒரு வார்த்த கேக்கலம்மா அவங்ககிட்ட. கேட்டா யோசிப்பாங்கன்னு கேக்கல. கல்லப் பாத்துட்டா மறுக்க மனசு வராதுன்னு கமிட்டில பேசி முடிச்சிருக்காங்க. நம்ம ஊர்ல மட்டுந்தான் இது நடக்கும். தாரேன்னு ஒரு ஆள் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நன்றின்னு கல்லுல வெட்டிருவோம்.

அந்த அம்மா என்ன செஞ்சாங்க? போன எடுத்தாங்க, கல்லுக்கு நேரா புடிச்சாங்க. அது எழுத்தையும் படிச்சுச் சொல்லிருமாம். படிச்சாங்க. அப்புறம் கல்லுல அவங்க பேர் இருக்கிற எடத்த மட்டும் விரலால தடவினாங்க. சிமிண்டுச் சட்டிய நீட்டினதும் ஒரு கரண்டி எடுத்துப் போட்டாங்க, எல்லாரும் கை தட்டினாங்க, பேண்டு வாசிச்சாங்க.

அதுக்கப்புறம் மைக்க வாங்கி, போன அதுகிட்ட வச்சுப் பேசினாங்க. அந்த நியூஸ் வாசிக்கிற பொம்பள குரல்லயே வந்துச்சு. எனக்கு இன்னும் காதுலயே நிக்கி. "எங்கள் ஆலயம் விற்கப்பட்டுவிட்டது. இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அங்கே ஆராதனை இல்லை. நாங்கள் பத்தொன்பது பேர் மீதி இருக்கிறோம். எங்கள் வழக்கப்படி, ஒருவர் இறந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவருடைய பெயரை வாசித்து ஒரு மணி அடிப்போம். இனிமேல் எங்கள் பெயரை வாசிக்க இடம் இல்லை. நாங்கள் இதைக் கேட்கத்தான் வந்தோம். நீங்கள் வாசிப்பீர்களா?"

ரோஸ்லெட் அக்கா என் காதுல, "அப்பம் மண்டபம்?"ன்னா.

தங்கையா சார்தான் மைக்கப் புடிச்சாரு. "நிச்சயமாக வாசிக்கப்படும். இது இந்தச் சபையின் வாக்கு. தேவனுக்கே மகிமை." எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். நாம அப்படித்தானம்மா? ஊருக்குப் போற விருந்தாளி என்ன கேட்டாலும், "ஆகட்டும், செஞ்சிரலாம், கவலப்படாமப் போயிட்டு வாங்க"ன்னு சொல்லுவோம். இல்லன்னு முகத்துக்கு நேரா யாரு சொல்லுவா? அது வழியனுப்புற வார்த்த. அவங்க ஊர்ல அப்படிக் கெடையாது போல. மறுநாள் கார் ஏறும்போது எல்பிரீடா அம்மா என் கையில ஒரு தாள் குடுத்தாங்க. பத்தொம்பது பேரு, பெரிய பெரிய எழுத்துல. "இது உன்னிடம் இருக்கட்டும் பியூலா"ன்னாங்க. கமிட்டில எத்தனையோ பேர் நிக்காங்க, என்கிட்ட எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

அவங்க போனதும் ஏச்சு எனக்குத்தான். "பத்து நாள் பொங்கிப் போட்டியே, ஒரு வார்த்த காதுல போட்டியா?"ன்னு கேட்டாங்க. "குடுக்க வருவாங்கன்னு பாத்தா, அவங்களே நம்மகிட்டக் கேக்க வந்திருக்காங்க"ன்னு கேலி. அந்தக் கல்லத் தூக்கிப் பின்னால போட்டுட்டாங்க. ஒரு வருசம் எனக்குப் பட்டப்பேரே "மண்டபம்". தெருக்குழாய்க்குப் போனா, "வழி விடுங்க, மண்டபம் வருது"ம்பாங்க. இவ வயித்துல எட்டு மாசம் அப்போ, உருவமும் மண்டபம் மாதிரித்தான் இருந்துச்சு. நானும் சிரிச்சுக்கிட்டேன். வேற என்ன செய்ய?

அந்தத் தாள நான் வேதப் புஸ்தகத்துக்குள்ள வச்சிருக்கேன். ரெனிலா தமிழ்ல எழுதி வச்சா. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகணும்ல, அதுக்காக ராத்திரி குடும்ப ஜெபத்துல அத வாசிக்கச் சொல்லுவேன். தினம் ஒருக்கா பத்தொம்பது பேரையும் வாசிச்சிருவா. வாசிச்சு வாசிச்சு இப்பம் மனப்பாடம். சின்னவ கூட "ஆமென்"னு சொல்லுதா. அது சும்மா வீட்டுல செய்யுறது, கணக்குல வராதுல்ல? அவங்க கேட்டது கோயில்ல, பீடத்துக்கு முன்னால, மணி அடிச்சு.

அஞ்சாறு மாசம் கழிச்சு க்ளாவுஸ் தாத்தா போன்ல மெசேஜ் போட்டாரு. ஒருத்தர் இறந்துட்டாரு, பேரு இன்னது, வாசிங்கன்னு. நான் தாள எடுத்துக்கிட்டு தங்கையா சார்கிட்டப் போனேன். "பாப்போம்மா"ன்னாரு. அதுக்கப்புறம் ரெண்டாவது ஆளு. "பாப்போம்"னாரு. மூணாவது ஆளுக்கு, "சபை டாப்பு நோட்டுல பேர் எழுதியிருக்கிறவங்களுக்குத்தான் வாசிக்க முடியும், கண்டவங்களுக்கும் வாசிக்க முடியுமா?"ன்னுட்டாரு.

க்ளாவுஸ் தாத்தா ஒவ்வொரு தடவையும் கேப்பாரு, "வாசித்தீர்களா?"ன்னு.

காப்பி ஆறுது, குடிங்கம்மா.

நான் வாசிச்சாச்சுன்னு போட்டுட்டேன். மூணு தடவையும். கைகூப்புற படம் ஒண்ணும் போட்டேன். வயசானவங்க, மனசு நோகக் கூடாதுன்னுதான். பொய்யின்னு நினைச்சுச் சொல்லல. வீட்டுல வாசிக்கத்தானே செய்யுறோம்னு ஒரு சமாதானம். ஆனா "மணி சத்தம் எப்படி இருந்தது?"ன்னு ஒருக்கா கேட்டாரு. "நல்லா இருந்தது"ன்னு எழுதினேன்.

வியாழக்கெழம ஒரு மெசேஜ் வந்துச்சு. எல்பிரீடா அம்மா.

இல்ல, நான் அழல. வெங்காயம் அரிஞ்ச கையால கண்ணத் தொட்டுட்டேன். ஏட்டி, அம்மா மடிய விட்டு எறங்கு, ஒண்ணுமில்ல.

செவ்வாக்கெழம தூங்கினவங்க எந்திரிக்கலையாம். போறதுக்கு மொத வாரமே பிள்ளைங்ககிட்டச் சொல்லி வச்சிருக்காங்க, "எனக்கு இங்க ஒண்ணும் வேண்டாம், பியூலாவோட கோயில்ல என் பேர வாசிப்பாங்க"ன்னு. இப்பம் க்ளாவுஸ் தாத்தா கேக்காரு, "ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு? நாங்கள் ஆறு பேர் எல்பிரீடாவின் அடுக்களையில் கூடி உட்கார்ந்திருப்போம். நீ போனை ஆலயத்தில் திறந்து வை. இந்த முறை நாங்களும் கேட்க விரும்புகிறோம்." நம்ம ஆராதனை எட்டரைக்கு. அங்க அப்பம் விடியக்காலம் நாலு மணியாம். அந்தக் குளிருக்குள்ள எந்திரிச்சு வந்து உக்காந்திருப்பாங்களாம்.

ரெண்டு நாளா நான் பதில் போடல. இதுக்கு எப்படிம்மா கைகூப்புற படம் போடுறது?

நேத்து தங்கையா சார் வீட்டுக்கு மறுபடியும் போனேன். ஈசிச்சேர்ல சாஞ்சுக்கிட்டு, "டாப்புல பேர் இல்லியே பியூலா, வழக்கம்னு ஒண்ணு இருக்கே"ன்னாரு. நான் கேட்டேன், "சார், கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போது வெளிச்சபைப் பொண்ணு பேர வாசிக்கலையா? அது எந்த டாப்புல இருக்கு?"ன்னு. "அது சம்பந்தம்மா"ன்னாரு. "இது என்ன சார்? சகோதரி சபைன்னு முப்பது வருசமா எழுதினது நாமதானே?"ன்னேன். அதோட நான் விடல. "அவங்க தராத மண்டபத்துக்கு அவங்க பேர கல்லுல வெட்டத் தெரிஞ்சுச்சு. அவங்க கேட்ட ஒண்ணே ஒண்ணுக்கு வாயால ஒரு தடவ வாசிக்கத் தெரியலையா?"ன்னு கேட்டுட்டேன். எங்கருந்து அந்த வாய் வந்துச்சோ. அவங்க வீட்டு அம்மா சன்னல்ல வந்து பாத்தாங்க. சார் கண்ணாடியக் கழத்தித் தொடச்சாரு. "புது அய்யா வந்திருக்காங்க, அவங்க இஷ்டம்"னு சொல்லிட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டாரு.

பிள்ளைங்க அப்பா, "உனக்கு எதுக்குட்டி ஊர் வம்பு?"ன்னாங்க. காலைல பாத்தா அவங்கதான் தொட்டிக்குப் பக்கத்துல அந்தக் கல்லத் திருப்பிப் போட்டுக் கழுவிக்கிட்டு நிக்காங்க. மஞ்சப் பெயிண்டு போயிருச்சு, எழுத்து அப்படியே இருக்கு. மணிக்கயிறு பக்கத்துல நாளைக்கு அவங்களே நிக்காங்களாம். கேட்டா, "மணி அடிக்கிற கோயில்குட்டிக்கு முதுகு வலி"ங்காங்க.

ஜனவரில வாறவங்க தாராளமா வரட்டும்மா. கக்கூசு கழுவித்தான் இருக்கு, தண்ணியும் வருது. அதுக்கும் இதுக்கும் நான் முடிச்சுப் போடல. ஒண்ணு மட்டும், பிரிட்ஜ் மேல இனிமே சேலையப் போட மாட்டேன். வாறவங்க எதக் கேட்டாலும், முடியும்னா முடியும், முடியாதுன்னா முடியாதுன்னு அப்பவே சொல்லிரணும். அத அய்யாவ மொதக் கூட்டத்துலயே சொல்லச் சொல்லுங்க. நமக்கு அந்தப் பழக்கம் இல்ல, பழகித்தான் ஆகணும்.

இந்தாங்க, இதப் புடிங்க. ரெனிலா எழுத்துத்தான், கோணலா இருந்தாலும் புரியும். பத்தொம்பதுல நாலு பேருக்கு மட்டும் பக்கத்துல சிலுவை போட்டிருக்கா, அந்த நாலும் வாசிச்சாப் போதும். மொத மூணு பேருக்கும் நான் கடன்பட்டிருக்கேன், அது அய்யாவுக்குத் தெரிஞ்சாலும் தெரியட்டும். நாளைக்குக் காலைல, அறிவிப்பு வாசிக்கிறதுக்கு முன்னாடி. போன நான் மொத பெஞ்சுல தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்.

அய்யாகிட்டக் கேளுங்கம்மா. நாலாவது பேர மட்டும் கொஞ்சம் மெதுவா, சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. க்ளாவுஸ் தாத்தாவுக்குக் காது மந்தம்.